மொத்தத் தொகை: நான்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், "ஜாவாவுக்குப் பக்கம் பக்கமாக டெஸ்ட் எழுதுகிறவர்கள்கூட எக்ஸ்எஸ்எல்டி கோப்பைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை முழுக்கப் பிடித்துக்கொண்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்: எக்ஸ்எஸ்எல்டி என்பது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை (தகவலை டேக்குகளுக்குள் அடுக்கி வைக்கும் கோப்பு) வாங்கி, வேறு வடிவ எக்ஸ்எம்எல்லாகவோ எச்டிஎம்எல்லாகவோ வெறும் எழுத்தாகவோ மாற்றித்தரும் மொழி. அதில் எழுதிய கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு சின்ன விதியும் ஒரு டெம்ப்ளேட்.

கேள்வி: அக்கா, வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆர்டர் கோப்பை பில் கோப்பாக மாற்றும் 1,400 வரி ஸ்டைல்ஷீட் ஒன்றைக் கையில் கொடுத்து "யூனிட் டெஸ்ட் எழுது" என்றார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு பெரிய ஆர்டர் கோப்பைக் கொடுத்து, வெளியே வரும் பில்லைப் பழைய பில்லோடு ஒப்பிடுகிறேன். இது யூனிட் டெஸ்ட்தானா?

இல்லை தம்பி. யூனிட் டெஸ்ட் என்றால் ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியாகச் சோதிப்பது. நீங்கள் செய்வது மொத்தமாக ஓட்டிப் பார்ப்பது. அதுவும் வேண்டும்தான். ஆனால் அது உடைந்தால் "எங்கேயோ உடைந்தது" என்று மட்டும் சொல்லும். 1,400 வரியில் எந்த வரி என்று ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள்தான் தேட வேண்டும்.

உங்களுக்குத் தெரியாமலே ஒரு நல்லது நடந்திருக்கிறது. இந்த மொழியில் ஒரு மாறிக்கு ஒரு முறை மதிப்பு வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. டெம்ப்ளேட் டேட்டாபேஸைத் தொடாது, எங்கேயும் போய் எதையும் கலைத்துவிட்டு வராது. அதே நோடையும் (எக்ஸ்எம்எல்லின் ஒரு துண்டு) அதே பாராமீட்டரையும் (வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) கொடுத்தால் அதே விடை, கீழே வரும் தேதி போன்ற சில விலக்குகள் தவிர. டெஸ்ட் எழுத இதைவிடச் சாதுவான கோடு கிடைக்காது. அதன் முகம்தான் கொஞ்சம் முரடு, அதனால் எல்லோரும் ஒதுங்கிப் போகிறோம்.

கோப்பைத் திறந்து இருப்பதிலேயே சின்ன டெம்ப்ளேட்டைத் தேடுங்கள். பில் என்றால், ஒரு பொருளை ஒரு பில் வரியாக்கும் டெம்ப்ளேட் எப்படியும் இருக்கும். அதற்கு இதைக் கொடுங்கள்:

<பொருள் விலை="250" எண்ணிக்கை="4"/>

வர வேண்டியது இது:

<வரி தொகை="1000.00"/>

(எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், விதி இடம் கொடுக்கிறது. உங்கள் கோப்பில் ஆங்கிலமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இந்தத் தமிழ் டேக்குகளை மறந்துவிடாதீர்கள், கடைசிக் கேள்வியில் இவையே வம்புக்கு வருகின்றன.)

இந்த முதல் டெஸ்ட் பச்சையாகிவிடும், அதாவது தேறிவிடும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பெருக்கல் தெரிந்த எந்தக் கோடும் அதைச் செய்யும். அப்புறம் அதே வரியைக் கெடுக்க ஆரம்பியுங்கள். எண்ணிக்கை என்ற அட்ரிபியூட் (டேக்குக்குள் பெயரோடு எழுதும் மதிப்பு) இருக்கிறது, உள்ளே காலி. அட்ரிபியூட்டே இல்லை. எண்ணிக்கை 0. திருப்பி அனுப்பிய பொருள், அதனால் -2. விலையில் யாரோ கமா போட்டு "1,200" என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட். இங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பல கேள்விகளுக்கு விடை உங்கள் மேனேஜருக்கே தெரியாது. கமாவோடு வந்த விலையை ஏற்பதா, தள்ளுவதா? போய்க் கேளுங்கள். டெஸ்ட் எழுதுவதில் பாதி வேலை இப்படிப் போய்க் கேட்பதுதான்.

கோடு என்ன செய்யும் என்பது எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது. 1999-இல் வந்த 1.0 பதிப்பில், காலியாக இருந்தாலும் சரி, அட்ரிபியூட்டே இல்லாவிட்டாலும் சரி, கமா இருந்தாலும் சரி, பெருக்கிய விடை "எண் அல்ல" என்பதுதான். அதன் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்தால் "நான்". எங்கள் அணியில் அப்படித்தான் சொல்வோம். 2007-இல் வந்த 2.0 கொஞ்சம் கண்டிப்பானது: காலி உரையையோ கமா போட்ட உரையையோ பெருக்கப் போனால் பிழை சொல்லி நின்றுவிடும், ஆனால் அட்ரிபியூட்டே இல்லையென்றால் சத்தமில்லாமல் காலி விடை தரும். நின்றுபோகிற கோடைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது, "நான்" என்று அழகாக அச்சடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிற கோடைக் கண்டு.

ஒரு எச்சரிக்கை. சில டெம்ப்ளேட்டுகள் தனியாக வரவே மறுக்கும். தாய் நோடுக்கு ஏறி, அங்கிருந்து பாட்டி நோடுக்கு ஏறி, வாடிக்கையாளரின் வகையைப் பார்த்துவிட்டு வந்துதான் தொகையைச் சொல்லும். ஒரு வரியைச் சோதிக்க முழு ஆர்டரையும் கட்டி எழுப்ப வேண்டியிருந்தால், குறை டெஸ்டில் இல்லை. மேலே ஏறிப் பார்ப்பதை வெளியே எடுத்துப் பாராமீட்டராகக் கொடுங்கள். இரண்டு டெஸ்ட் எழுதிய பிறகு இதைச் செய்யுங்கள், அதற்கு முன் கை வைக்காதீர்கள்.

டெஸ்டுக்கான உள்ளீட்டைக் கையால் எழுதுங்கள். நிஜக் கோப்பிலிருந்து 600 வரியை வெட்டி ஒட்டினால், அதில் எந்த வரி முக்கியம் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் சேர்த்து. திரையை உருட்டாமல் முழுதாகப் பார்க்க முடிய வேண்டும். என் கணக்கு பத்து வரி.

கேள்வி: எங்கள் டெஸ்ட் எல்லாம் இரண்டு உரைகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுபவை. சர்வரில் எக்ஸ்எஸ்எல்டி இன்ஜினை (ஸ்டைல்ஷீட்டை ஓட்டும் மென்பொருளை) புதுப்பித்தார்கள், ஒரே நாளில் அத்தனையும் சிவப்பு. பார்த்தால் அட்ரிபியூட்டுகளின் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. யார் மேல் தப்பு?

உங்கள் மேல்தான். அட்ரிபியூட் வரிசைக்கு அர்த்தம் இல்லை என்று எக்ஸ்எம்எல் விதியே சொல்கிறது. ஒற்றை மேற்கோளா இரட்டையா, காலி டேக்கைத் திறந்து மூடினோமா அல்லது ஒரே குறியில் முடித்தோமா, நேம்ஸ்பேஸுக்கு (ஒரு டேக் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் பெயர்) எந்த முன்னொட்டு வைத்தோம், இவை எல்லாம் எழுதுகிறவர் இஷ்டம். இன்ஜின் தன் இஷ்டத்தை மாற்றிக்கொண்டது. நீங்கள் அதன் கையெழுத்தைச் சோதித்துக்கொண்டிருந்தீர்கள்.

கோப்பை டேக்குக்குள் டேக் என்று கிளைவிடும் மரமாகப் படித்து மரமாக ஒப்பிடுங்கள். ஜாவா, டாட்நெட் ஆட்களுக்கு இதற்கென்றே எக்ஸ்எம்எல்யூனிட் என்ற நூலகம் இருக்கிறது. அதில் "ஒன்றேதான்" என்றும் "ஒத்துப்போகிறது" என்றும் இரண்டு கண்டிப்பு நிலை உண்டு. முன்னொட்டு மட்டும் வேறானால் முதலாவதில் தோற்கும், இரண்டாவதில் தேறும். பெரும்பாலான வேலைக்கு இரண்டாவது போதும். பில் வரிகள் எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை என்றால், எந்த அட்ரிபியூட்டை வைத்து ஜோடி சேர்ப்பது என்றும் சொல்லிக்கொடுக்கலாம். அந்த வசதியைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், பில்லில் வரிசை பல சமயம் முக்கியம்.

நூலகம் எதுவும் வேண்டாம் என்றால் கனானிகல் எக்ஸ்எம்எல் இருக்கிறது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001-இலேயே வெளியிட்ட விதி. இரண்டு கோப்பையும் அந்த வடிவத்துக்கு மாற்றினால் அட்ரிபியூட் வரிசை, மேற்கோள், காலி டேக் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும், பிறகு உரையாகவே ஒப்பிடலாம். ஆனால் பலர் நினைப்பதுபோல் அது உள்தள்ளலைத் துடைக்காது. டேக்குகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை அப்படியே வைத்திருக்கும். முன்னொட்டையும் மாற்றாது.

வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பில்லுக்குப் போகலாம். கட்டுரை, கையேடு போன்ற உரைக்கு நடுவே டேக் வரும் கோப்புகளுக்கு வேண்டாம். இதைப் பாருங்கள்:

<பத்தி><அழுத்தம்>இன்று</அழுத்தம்> <சாய்வு>விடுமுறை</சாய்வு></பத்தி>

நடுவில் இருக்கும் அந்த ஒற்றை இடைவெளி தனி நோடு. ஸ்டைல்ஷீட்டில் ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் கட்டளையை நட்சத்திரக் குறி போட்டு எல்லா டேக்குக்கும் வைத்திருந்தால் அது உள்ளே வரும்போதே காணாமல் போகும், படிப்பவருக்கு "இன்றுவிடுமுறை" என்று ஒட்டிக்கொண்டு வரும். டெஸ்டிலும் வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாவிட்டால் அந்தப் பிழையை இரண்டு பேரும் சேர்ந்து மூடி மறைக்கிறீர்கள்.

கேள்வி: டெஸ்ட் எழுத நேரம் தர மாட்டேன் என்கிறார் எங்கள் தலைவர். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதம் கேட்காதீர்கள். டெம்ப்ளேட்டைத் திருத்தும்போது சரியாக வருகிறதா என்று எப்படியும் ஒரு சின்னக் கோப்பைக் கொடுத்துப் பார்க்கிறீர்கள் இல்லையா? பார்த்த பிறகு அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். அவ்வளவுதான்.

கேள்வி: எங்களிடம் எதிர்பார்க்கும் விடைக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஸ்டைல்ஷீட் மாறினால் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் போதும், எல்லாம் புதிதாக எழுதப்பட்டுவிடும். வேலை சுலபம். ஆனால் மூத்தவர் ஒருவர் முகம் சுளிக்கிறார். ஏன்?

அவருக்கும் என்னைப் போல ஒரு வெள்ளிக்கிழமை இருந்திருக்கும்.

பல வருடங்களுக்கு முன், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் இருந்தேன். முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே விடைக் கோப்புகள். பில்லில் ஒரு டேக்கின் பெயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், எல்லாம் சிவப்பு, அது சரிதான். ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன், எல்லாம் பச்சை. என்ன மாறியது என்று முதல் ஐந்து கோப்பைத் திறந்து பார்த்தேன். ஐந்திலும் டேக் பெயர் மட்டும். ஆறாவதைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அதே வாரத்தில் பக்கத்து மேஜைக்காரர் தள்ளுபடிகளைக் கூட்டும் வரியைச் சுருக்கியிருந்தார். முன்பு "காலியாக இல்லாத தள்ளுபடிகளை மட்டும் கூட்டு" என்று ஒரு நிபந்தனை இருந்தது. தேவையில்லை என்று எடுத்துவிட்டார். 1.0-வில் கூட்டும் பட்டியலில் ஒன்றே ஒன்று காலியாக இருந்தாலும் மொத்தமும் "நான்" ஆகிவிடும். எங்கள் உள்ளீடுகளில் ஒரே ஒரு கோப்பில்தான் காலித் தள்ளுபடி இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இதற்காகவே வைத்த கோப்பு. அது கத்தியது. முந்நூறு பேர் கத்தும்போது அது கத்தியது எனக்குக் கேட்கவில்லை. என் ஸ்கிரிப்ட் அந்த "நான்"-ஐ எடுத்து, இனி இதுதான் சரியான விடை என்று எழுதி வைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த டெஸ்ட் பிழைக்குக் காவல் நின்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். "மொத்தத் தொகை என்ற இடத்தில் நான் என்று போட்டிருக்கிறதே, யாருங்க அது?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லவில்லை.

ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடைக் கோப்பு மாற்றத்தை கோடு மாற்றத்தோடு கலக்காமல் தனியாக கமிட் செய்யுங்கள், இன்னொருவர் கண்ணில் படட்டும். கோப்புகளைக் குறையுங்கள். முந்நூறை ஒருவரும் படிக்க மாட்டார்கள், இருபதைப் படிப்பார்கள். எல்லா வெளியீட்டின் மேலும் பொதுவாக ஒரு சோதனை வையுங்கள்: எந்த டேக்கின், எந்த அட்ரிபியூட்டின் மதிப்பும் அந்த மூன்றெழுத்தாக இருக்கக் கூடாது. எக்ஸ்பாத்தில் (எக்ஸ்எம்எல்லுக்குள் இடத்தைச் சுட்டும் மொழி) ஒரு வரி வேலை. ஸ்கீமா (எந்த டேக்கில் எந்த வகை மதிப்பு வரலாம் என்று சொல்லும் கோப்பு) வைத்திருந்தால் தொகைக்கு டெசிமல் வகை கொடுங்கள். டபுள் வகை "நான்"-ஐச் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும், டெசிமல் ஏற்காது. எங்கள் ஸ்கீமாவில் டபுள் என்று இருந்தது.

கேள்வி: நேற்று வரை ஓடிய ஸ்டைல்ஷீட். இன்று வெளியீட்டில் ஒரு டேக்கும் இல்லை, எல்லா எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே குவியலாக வருகிறது. டெஸ்ட் எல்லாம் பச்சை. பைத்தியம் பிடிக்கிறது.

உள்ளீட்டின் முதல் வரியைப் பாருங்கள். அனுப்புகிறவர்கள் புதிதாக ஒரு நேம்ஸ்பேஸ் சேர்த்திருப்பார்கள்.

எக்ஸ்பாத் 1.0-வில் முன்னொட்டு இல்லாமல் "பொருள்" என்று எழுதினால் எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாத பொருள் என்று அர்த்தம். நேம்ஸ்பேஸுக்குள் போய்விட்ட பொருள் அதற்கு வேற்றாள். ஆக உங்கள் டெம்ப்ளேட் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பொருந்தாதபோது இன்ஜின் பேசாமல் இருப்பதில்லை, அதனிடம் உள்ளமைந்த விதிகள் உண்டு: டேக்கைக் கண்டால் உள்ளே போ, எழுத்தைக் கண்டால் அப்படியே கொட்டு. நீங்கள் பார்த்த குவியல் அதுதான். இந்தக் குவியலை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இனி எப்போது பார்த்தாலும் முதல் சந்தேகம் நேம்ஸ்பேஸ் மேல்தான் வரும்.

டெஸ்ட் பச்சையானதற்குக் காரணம், டெஸ்டின் உள்ளீடு பழைய வடிவத்தில், நேம்ஸ்பேஸ் இல்லாமல் இருக்கிறது. உள்ளீட்டைக் கையால் எழுதச் சொன்னேன் இல்லையா, அதில் ஒரு விலக்கு: வேர் டேக்கின் நேம்ஸ்பேஸ் வரியை மட்டும் நிஜக் கோப்பிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஸ்டைல்ஷீட்டில் எந்த டேக்குக்கும் பொருந்தும் ஒரு கடைசி டெம்ப்ளேட் வைத்து, அங்கே வந்தால் டேக்கின் பெயரைச் சொல்லி ஓட்டத்தை நிறுத்துங்கள். வெறும் நட்சத்திரக் குறிக்கு முன்னுரிமை -0.5, பெயர் சொன்ன டெம்ப்ளேட்டுக்கு 0. அதனால் மற்றவர்கள் வழியில் அது குறுக்கே வராது. 2017-இல் வந்த 3.0-வில் இதற்கென்றே, பொருந்தாவிட்டால் தோல்வி என்று மோட் என்ற அமைப்பிலேயே சொல்லிவிடலாம்.

கேள்வி: காலையில் தேறும் டெஸ்ட் மறுநாள் தோற்கிறது. வெளியீட்டில் இன்றைய தேதி வருகிறது.

தேதியை டெம்ப்ளேட்டுக்குள் கேட்காதீர்கள். மேலே ஒரு பாராமீட்டராக வாங்குங்கள், அதன் இயல்பு மதிப்பாக இன்றைய தேதி இருக்கட்டும், டெஸ்டில் ஒரு நிலையான தேதியைக் கொடுங்கள். பிப்ரவரி 29 நல்ல தேதி. ஜெனரேட்-ஐடி தரும் அடையாளங்களும் இப்படித்தான், அடுத்த ஓட்டத்தில் அதே எழுத்துகள் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் மதிப்பைச் சோதிக்காதீர்கள், இணைப்பு சுட்டும் இடத்தில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிக் கோப்பை இழுக்கும் டாக்குமெண்ட் ஃபங்ஷன் இருந்தால், ஜாவாவில் யுஆர்ஐ ரிசால்வரை மாற்றி டெஸ்டுக்கு ஒரு சின்னக் கோப்பை நீட்டலாம்.

கேள்வி: எக்ஸ்ஸ்பெக் பழகலாமா, இல்லை ஜேயூனிட், பைடெஸ்ட் என்று கைவசம் இருப்பதிலேயே எழுதலாமா?

எக்ஸ்ஸ்பெக் என்பது ஸ்டைல்ஷீட்டைச் சோதிக்கவென்றே உள்ள கருவி, அதை முதலில் உருவாக்கியவர் ஜெனி டென்னிசன். ரூபி மொழியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கைப் பார்த்து வந்த யோசனை. டெஸ்டையே எக்ஸ்எம்எல்லில் எழுதுவோம்: ஒரு சினாரியோ, அதற்குள் கான்டெக்ஸ்ட் என்று உள்ளீடு, எக்ஸ்பெக்ட் என்று வர வேண்டிய விடை. கோப்பைத் திறந்தால் கொடுத்ததும் கேட்டதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே ஒரு டெம்ப்ளேட்டையோ ஃபங்ஷனையோ தனியாகக் கூப்பிடலாம். விடையில் உங்களுக்கு அக்கறை இல்லாத இடத்தில் மூன்று புள்ளி வைத்தால் அங்கே எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த மூன்று புள்ளிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். முகவரியின் டெஸ்டில் தொகை என்னவாக இருந்தால் என்ன?

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிஜத்தில் உங்கள் ஸ்டைல்ஷீட்டை எந்த இன்ஜின் ஓட்டுகிறது? சாக்ஸன் என்றால் யோசிக்காமல் எக்ஸ்ஸ்பெக், அது சாக்ஸன் மேல் ஓடுவது. பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் என்றால் அடியில் இருப்பது லிப்எக்ஸ்எஸ்எல்டி, அதற்கு 1.0 மட்டும்தான் தெரியும். டாட்நெட்டோடு வரும் இன்ஜினும் அப்படியே. அங்கே ஓடப்போவதை இங்கே சாக்ஸனில் சோதித்துத் தேறினால், வேறொருவர் தேறியதாகத்தான் அர்த்தம். அந்தந்த மொழியில், அந்தந்த இன்ஜினை அழைத்து எழுதுங்கள்.

1.0-விலிருந்து 2.0-வுக்கு மாறப்போகிறீர்கள் என்றால், மாறும் முன்பே ஒரு டெஸ்ட் எழுதி வையுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு குறிப்பு டேக் இருக்கும் உள்ளீடு. 1.0-வில் வேல்யூ-ஆஃப் முதல் குறிப்பை மட்டும் எழுதும். ஸ்டைல்ஷீட்டின் தலையில் 2.0 என்று மாற்றியதும் இரண்டையும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு எழுதும். பிழைச் செய்தி வராது. மாறும்போது என்னைக் கடித்தவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

கேள்வி: 2.5-ஐ முழு எண்ணாக்கினால் 3 என்கிறார் டெஸ்டர், 2 வருகிறது என்கிறார் டெவலப்பர். இரண்டு பேரும் இன்ஜினில் ஓட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் கோடு 2.0.

இரண்டு பேரும் சரி. ரவுண்ட் ஃபங்ஷன் பாதியை மேலே தள்ளும், 3. ஃபார்மேட்-நம்பர் பாதி வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், 2. 3.5 கொடுத்திருந்தால் இரண்டும் 4 என்று சொல்லியிருக்கும், சண்டையே வந்திருக்காது. அதனால்தான் டெஸ்டில் எப்போதும் 2.5-ஐயும் 3.5-ஐயும் ஜோடியாக வைக்க வேண்டும், கூடவே -2.5 (ரவுண்ட் அதை -2 ஆக்கும், பலர் -3 எதிர்பார்ப்பார்கள்).

காசு விஷயத்தில் இன்னொன்றும் சேருங்கள்: 1.005. இதை 100-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, மறுபடி 100-ஆல் வகுத்தால் 1.01 வர வேண்டும் அல்லவா? டபுள் கணக்கில் 1 வரும். ஏனென்றால் அங்கே 1.005 என்ற எண் கச்சிதமாக உட்காராது, பெருக்கினால் 100.5-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். 1.0-வில் எல்லா எண்ணும் டபுள்தான், தப்பிக்க வழியில்லை. உங்கள் 2.0-வில் மதிப்பை டெசிமலாக மாற்றிவிட்டுக் கணக்குப் போட்டால் 1.01. மாற்றாவிட்டால், கோப்பிலிருந்து வகை சொல்லாமல் வந்த மதிப்பை அதுவும் டபுளாகவே எடுத்துக்கொள்ளும். எந்த முறை சரி என்பதை உங்கள் கணக்குப் பிரிவு எழுதித் தரட்டும், நீங்கள் டெஸ்டாக எழுதுங்கள்.

கேள்வி: நார்மலைஸ்-ஸ்பேஸ் போட்டும் ஓரத்து இடைவெளி போகவில்லை.

அது இடைவெளி இல்லை, இடைவெளி மாதிரி இருக்கும் வேறொன்று. எச்டிஎம்எல்லிலிருந்து வெட்டி ஒட்டினால் வரும் பிரியா இடைவெளி, எண் 160. இந்த ஃபங்ஷனுக்கு நான்கு குறிகள்தான் தெரியும்: சாதா இடைவெளி, டேப், இரண்டு வரி முறிப்புகள். முதலில் டிரான்ஸ்லேட் வைத்து 160-ஐ சாதா இடைவெளியாக்குங்கள். டெஸ்டின் உள்ளீட்டில் அந்தக் குறியை நேரடியாக ஒட்டாமல் எண்ணால் எழுதுங்கள், இல்லாவிட்டால் எடிட்டர் ஒரு நாள் அதை "சரி" செய்துவிடும்.

கேள்வி: கவரேஜ் (டெஸ்டின்போது எவ்வளவு கோடு ஓடியது என்ற கணக்கு) நூறு சதவீதம் வேண்டுமா?

ஒரு டெம்ப்ளேட் ஓடியது என்பதற்கும் அது சொன்னதை யாராவது சரிபார்த்தார்கள் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஓடாத டெம்ப்ளேட்டுகளைக் கண்டுபிடிக்க கவரேஜைப் பாருங்கள். பழைய ஸ்டைல்ஷீட்டில் அவற்றில் சிலவற்றைத் தைரியமாக அழித்துவிடலாம்.

கேள்வி: அக்கா, தமிழ் உள்ளடக்கத்தை மாற்றும் திட்டம் எங்களுடையது. எதிர்பார்த்ததும் "தொகுதி", வந்ததும் "தொகுதி". டெஸ்ட் தோற்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைக் கேளுங்கள்: இரண்டின் நீளத்தையும் ஸ்ட்ரிங்-லெங்த் வைத்து அச்சிடுங்கள். ஒன்று 6 என்றும் இன்னொன்று 7 என்றும் சொல்லும்.

"தொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். த-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, அதன் எண் 0பிசிஏ. த-வோடு கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டு குறியாகச் சேர்ப்பது இன்னொன்று, 0பிசி6-உம் 0பிபிஇ-யும். படிப்பவருக்கு ஒன்றே. யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் எக்ஸ்பாத் பொதுவாக எண்ணுக்கு எண் ஒப்பிடும், அதற்கு இவை வேறு வேறு சொற்கள். எந்தக் கீபோர்டில் தட்டினார்கள், பழைய எழுத்துருவிலிருந்து எந்தக் கன்வெர்ட்டர் மாற்றியது என்பதைப் பொறுத்து ஒரே கோப்பில் இரண்டும் கலந்து கிடக்கும். ஓகாரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே கதை.

2.0 என்றால் நார்மலைஸ்-யூனிகோட் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் முதல் வேலையாக அதன் வழியே அனுப்புங்கள், ஒருமுறை செய்தால் போதும். 1.0 என்றால் கோப்பு இன்ஜினுக்குள் போகும் முன்பே பைத்தானிலோ ஜாவாவிலோ செய்துவிடுங்கள். ஒப்பிடும் இடத்தில் மட்டும் டெஸ்டில் செய்யாதீர்கள். டெஸ்ட் பச்சையாகும், ஆனால் நிஜத்தில் தேடுகிறவருக்கு "தொகுதி" அகப்படாது.

டெஸ்ட் ஒன்றும் எழுதுங்கள்: இரண்டு விதமாகவும் எழுதிய இரண்டு "தொகுதி" உள்ளே போக வேண்டும், இரண்டும் ஒரே குழுவில் விழ வேண்டும். உள்ளீட்டில் குறிகளை எண்ணாலேயே எழுதுங்கள், 160-க்குச் சொன்ன அதே காரணம்.

முதல் பதிலில் தமிழ் டேக் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? <பொருள்>. அதில் ஒரு "பொ" இருக்கிறது. டேக் பெயரையும் எண்ணுக்கு எண்தான் ஒப்பிடுவார்கள், அதை எந்த ஃபங்ஷன் வழியாகவும் அனுப்ப முடியாது. ஸ்டைல்ஷீட்டில் நான் ஒரு விதமாகவும் உள்ளீட்டில் நீங்கள் இன்னொரு விதமாகவும் தட்டியிருந்தால் டெம்ப்ளேட் பொருந்தாது, டேக்குக்குள் எழுத்து இருந்தால் அது மட்டும் குவியலாகக் கொட்டும், இரண்டு பேரும் நேம்ஸ்பேஸைத் தேடிக்கொண்டிருப்போம். இந்தப் பக்கத்திலிருந்து அந்த உதாரணத்தை வெட்டி ஒட்டப் போகிறவர்கள் முதலில் அதன் நீளத்தை எண்ணிப் பார்த்துவிடுங்கள். 6 வர வேண்டும்.